மணிமேகலையில் காதல் இழப்பும் அநித்த நோக்கும்

மணிமேகலை பற்றிய ஆய்வுகள் பெரிதும் மூன்று திசைகளில் சென்றுள்ளன. உ.வே.சாமிநாதையர் 1898இல் நூலைப் பதிப்பித்த பின்னர் அதன் காலம் குறித்த விவாதம் எழுந்தது. ச.கிருஷ்ணசாமி ஐயங்காரின் 1928ஆம் ஆண்டு நூல் அவ்விவாதத்தை விரிவாக முன்னெடுத்தது. இருபத்தொன்பதாம் காதையில் இடம்பெறும் அளவையியல் செய்திகளை வடமொழிப் பௌத்தத் தருக்க நூல்களோடு ஒப்பிடுவது இரண்டாவது திசை. கிளைக்கதைகளின் அமைப்பையும் அவற்றின் சமய நோக்கையும் ஆராய்வது மூன்றாவது திசை. பௌலா ரிச்மன் 1988இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. இம்மூன்று திசைகளிலும் பயனுள்ள முடிவுகள் கிடைத்துள்ளன. எனினும், காப்பியத்தின் மையத்தில் இருக்கும் துயரம் தனித்து நோக்கப்படவில்லை என்றே கூறலாம். இதன் விளைவாக, காதலைத் துறவால் அடக்கிய நூல், அறவுரை மிகுந்து கவிச்சுவை குன்றிய நூல் என்னும் மதிப்பீடு இலக்கிய வரலாறுகளில் நிலைபெற்றுவிட்டது.

இம்மதிப்பீடு மறுபரிசீலனைக்கு உரியது. மணிமேகலையில் அநித்தம் எனப்படும் நிலையாமைக் கருத்து, காதலை இழந்தவர்களை நோக்கியே மீண்டும் மீண்டும் பேசப்படுகிறது. அக்கருத்தை யார் யாரிடம் எந்நிலையில் கூறுகின்றனர், கேட்டவருள் யார் தெளிவு பெற்றனர், யார் பெறவில்லை என்பவற்றைக் காதை முறையில் தொடர்ந்து நோக்கினால், சாத்தனார் அக்கருத்தைத் துயரின் மறுப்பாகக் கையாளவில்லை என்பது புலனாகும்.

காஞ்சியும் பெருந்திணையும்

நிலையாமை தமிழுக்குப் பௌத்தம் கொண்டுவந்து சேர்த்த கருத்தன்று. தொல்காப்பியர் நில்லா உலகின் இயல்பைக் காஞ்சித்திணையில் அடக்கினார். அத்திணையின் துறைகளுள் பல இழப்பைப் பற்றியவை. கணவனை இழந்தவள் நோன்பு மேற்கொள்ளும் தாபத நிலையும், மனைவியை இழந்தவனது தபுதார நிலையும், வழியிடைக் கணவனை இழந்தவள் தனித்துப் புலம்பும் முதுபாலையும் அங்கே இடம்பெறுகின்றன. நிலையாமை என்பது அங்கு வெறும் தத்துவக் கூற்றாக இல்லை. உரியவரை இழந்தவரின் நிலையாகவே உள்ளது.

இதனினும் நோக்கத்தக்கது, காஞ்சியைப் பெருந்திணைக்குப் புறனாக அவர் வகுத்திருப்பதாகும். பொருந்தாக் காமத்தின் புறம் நிலையாமை என்பது அவ்விலக்கணத்தின் கருத்து. இத்தொடர்புக்கு உரையாசிரியர்கள் பல காரணங்களைக் கூறியுள்ளனர். காரணம் எதுவாயினும், ஒத்த அன்பாக முடியாத காதலும் நில்லா உலகமும் ஒரு நாணயத்தின் இரு பக்கங்களாகத் தமிழ் மரபில் முன்னரே இணைந்திருந்தன என்பது தெளிவு. உதயகுமரனின் காதல் இவ்வகையில் நோக்கத்தக்கது. அரசிளங்குமரன் கணிகை குலத்தில் பிறந்த துறவியை விரும்புகிறான். அவளும் ஒருகணம் அவன்பால் மனம் சென்றவள். எனினும் அக்காதல் கைகூடவில்லை. இலக்கணம் இணைத்து வைத்த இரண்டையும் கதையாக்கிக் காட்டியதே சாத்தனாரின் தொழில் எனலாம். பௌத்தத்திலிருந்து அவர் பெற்றது, அவ்விழப்பைக் கடந்துசெல்வதற்குரிய வழிமுறை.

துயருறும் உரிமை

காப்பியம் விழாவோடு தொடங்கினாலும் அதன் முதல் உணர்ச்சி மாதவியின் துயரமே. இந்திர விழாவில் ஆட வராத மகளையும் பேத்தியையும் எண்ணிச் சித்திராபதி வருந்துகிறாள். ஊரார் அலர் கூறுவதைத் தெரிவிக்க வயந்தமாலையை அனுப்புகிறாள். வயந்தமாலை காண்பது வாட்டமுற்ற மேனியுடைய மாதவியை. அறவண அடிகளின் உபதேசம் பெற்ற பின்னரும் அவ்வாட்டம் நீங்கவில்லை என்பதைக் கவிஞர் மறைக்கவில்லை.

மாதவியின் மறுமொழி கூர்ந்து படிக்கத்தக்கது. கோவலன் இறந்த செய்தி கேட்டும் உயிர் விடாதிருந்தமைக்கு அவள் நாணுகிறாள். பின்னர்ப் பத்தினிப் பெண்டிர் கணவரை இழந்தால் செய்வன இவை என மூன்றைக் கூறுகிறாள்: அக்கணமே உயிர் நீத்தல், தீப்புகுதல், கைம்மை நோன்பு நோற்றல். இவை காஞ்சித்திணைத் துறைகளை நினைவூட்டுவன. கண்ணகியின் துயரம் இம்மூன்றிலும் அடங்காது ஊரையே எரித்தது என்பதையும் அவள் குறிப்பிடுகிறாள். இவ்வரிசையில் மாதவிக்கு மட்டும் இடமில்லை. அவள் கோவலனின் மனைவி அல்லள். அவனுக்காக இறக்கவும், தீப்புகவும், நோன்பு நோற்கவும் மரபு அவளுக்கு உரிமை தரவில்லை. கணிகையர்க்குத் துயரமே இல்லை என்பது அவள் குலத்தின் வழக்கு. பதினெட்டாம் காதையில் சித்திராபதி அவ்வழக்கை வெளிப்படையாகவே எடுத்துரைக்கிறாள். பாணன் இறந்தால் உடன் இறவாத யாழையும், தேன் தீர்ந்த மலரை நீங்கும் வண்டையும் தம் குலத்துக்கு அவள் உவமையாக்குகிறாள்.

இச்சூழலில் மாதவி அறவண அடிகளின் முன் சென்று, காதலன் உற்ற கடுந்துயரைக் கூறி விழுகிறாள். அவர் அத்துயரம் உனக்கு உரியதன்று எனக் கூறவில்லை. நீ யார் எனக் கேட்கவுமில்லை. பிறந்தோர் அனைவரும் துன்பம் உறுவர். பற்றிலிருந்து அது பிறக்கும். பற்று அறுந்தால் அது அறும் என நான்கு வாய்மைகளை உணர்த்திச் சீலத்தையும் கூறுகிறார். இவ்வுபதேசத்தின் சமூகப் பொருள் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. துன்பம் பிறந்தோர் அனைவர்க்கும் பொது என்னும் போது, மனைவியின் துயரம், கணிகையின் துயரம் என்னும் பிரிவு நீங்குகிறது. துயருறும் உரிமை மறுக்கப்பட்டவளுக்கு அவ்வுரிமையை முதலில் வழங்கிய பின்னரே, அத்துயரைக் கடக்கும் வழியை அறவணர் காட்டுகிறார். மரபு வகுத்த மூன்று வழிகளுக்கு அப்பால் நான்காவது வழி ஒன்று இவ்வாறு திறக்கிறது.

மூன்றாம் காதையின் தொடக்கமும் இதனை வலியுறுத்துகிறது. மாதவி கூறியவற்றைக் கேட்ட மணிமேகலையின் கண்ணீர் அவள் தொடுத்துக்கொண்டிருந்த மாலையில் விழுகிறது. மாலை தூய்மை இழந்தது எனக் கூறி, மாதவி மகளின் கண்ணீரைத் தன் கையால் துடைத்துப் புதுமலர் கொய்துவர அனுப்புகிறாள். அழாதே என்னும் கட்டளை அங்கு இல்லை. காப்பியத்தின் கதை முழுவதும் அக்கண்ணீரிலிருந்தே புறப்படுகிறது.

கேட்டும் கேளாதவன்

நிலையாமை உரையைக் காப்பியத்தில் மிகுதியாகக் கேட்பவன் உதயகுமரன். உவவனத்தில் சுதமதி, உடம்பு வினையால் வந்தது, மூப்பும் சாவும் உடையது என அவனுக்கு எடுத்துரைக்கிறாள். அவ்வுரை முடியும் முன்பே அவன் கண் பளிக்கறைக்குள் தெரியும் மணிமேகலையின் வடிவில் பதிகிறது. உலக அறவியில் மணிமேகலையே அவனை வணங்கி, பிறத்தலும் மூத்தலும் பிணிப்படுதலும் இறத்தலும் உடைய யாக்கையின் இயல்பைக் கூறுகிறாள். மூன்றாவது முறை, காயசண்டிகை வடிவில் நின்று, நரை முதிர்ந்த பெண்ணொருத்தியைச் சுட்டி, இளமையில் அவள் பெற்றிருந்த அழகு எவ்வாறு மாறியது என உறுப்பு உறுப்பாக விளக்குகிறாள். அவன் மனத்தில் பதிந்தது அவ்வுரையன்று. உரைத்தவள் யார் என்னும் ஐயமே. அவ்வையத்தோடு நள்ளிரவில் அம்பலம் புகுந்தவன், தன் மனைவியை விரும்பி வந்தவன் எனப் பிறழ உணர்ந்த காஞ்சனனின் வாளுக்கு இரையாகிறான்.

மூன்று உரைகளும் கருத்தால் குறையுடையவை அல்ல. மூன்றாம் உரை காப்பியத்தின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. எனினும் மூன்றும் பயனற்றுப் போகின்றன. இதனைப் பிரசார நோக்குடைய கவிஞன் ஒருவனின் கவனக்குறைவு எனக் கொள்ள இயலாது. உடம்பின் இழிவைக் கூறி வேட்கையைத் தணிக்கும் முறை, இழப்பை இன்னும் அறியாத மனத்தில் வேர்கொள்ளாது என்பதையே இவ்வமைப்பு காட்டுகிறது. மாதவி கேட்டாள், ஏனெனில் அவள் இழந்திருந்தாள். உதயகுமரன் பெறும் வேட்கையில் நின்றான். ஒரே கருத்து ஒருவர்க்கு மருந்தாகவும் மற்றொருவர்க்கு வெற்றொலியாகவும் அமைகிறது. பௌத்தக் கருத்தின் ஆற்றலோடு அதன் எல்லையையும் சாத்தனார் அறிந்திருந்தார் என்பதற்கு இதுவே சான்று.

அழுகையும் காரணமும்

மணிமேகலையின் காதல் இழப்பு இரு நிலைகளில் நிகழ்கிறது. முதலாவது, உவவனத்தில் உதயகுமரன் நீங்கியதும் அவள் சுதமதியிடம் கூறும் வாக்குமூலம். தன்னை இழித்துரைத்துச் சென்ற அயலான் பின்னே தன் நெஞ்சம் சென்றுவிட்டது என அவள் ஒப்புக்கொள்கிறாள். காமத்தின் இயல்பு இதுவாயின் அது கெடட்டும் என்கிறாள். தன் நெஞ்சையே பழிக்கும் இளம்பெண்ணின் குரல் இது.

மணிமேகலா தெய்வம் அப்பழியை ஏற்பதில்லை. மணிபல்லவத்தில் முற்பிறப்பு உணர்ந்த மணிமேகலைக்கு, இலக்குமியாகிய அவளுக்குக் கணவனாக இருந்து பாம்பின் நஞ்சால் இறந்த இராகுலனே உதயகுமரன் என்றும், நெஞ்சம் அவன் பின் சென்றது அதனால் என்றும் தெய்வம் கூறுகிறது. இது கதையை நகர்த்தும் உத்தி எனப் பலர் கடந்துசெல்வர். ஆயினும் சார்பில் தோற்றம் என்னும் பௌத்தக் கோட்பாட்டின் ஒளியில் இதற்கு ஆழ்ந்த பொருள் உண்டு. காரணமின்றித் தோன்றுவது எதுவுமில்லை, காதலும் அவ்வாறே. குற்றம் என அவள் கருதியதைக் காரணம் எனத் தெய்வம் மாற்றிக் காட்டுகிறது. காரணத்தால் தோன்றியது காரணம் நீங்க நீங்கும் என்னும் நம்பிக்கையும் அதனோடு சேர்ந்தே வருகிறது. தன்னைத்தான் வெறுப்பதற்கு அங்கே இடமில்லை.

இரண்டாவது நிலை இருபத்தொன்றாம் காதையில் வருகிறது. இதற்குள் மணிமேகலை முற்பிறப்பு அறிந்தவள், மந்திரம் பெற்றவள், அமுதசுரபி ஏந்தி ஊரின் பசி தீர்த்தவள், உதயகுமரனுக்கே நிலையாமை உரைத்தவள். அவன் வெட்டுண்டு கிடப்பதை அறிந்ததும் அவள் அழுகிறாள். முற்பிறப்பில் அவனோடு தீப்புக்கதையும், உவவனத்தில் மனம் அவன்பால் சென்றதையும், அவனுக்கு அறம் உணர்த்தவே வேற்றுருக் கொண்டதையும் சொல்லிப் புலம்பியவாறு அவன் உடலை நெருங்குகிறாள். கோட்பாட்டை அறிந்தவள் அழக்கூடாது எனக் கவிஞர் கருதியிருந்தால் இப்பகுதியே தோன்றியிராது. அறிவு துயரைத் தடுக்கும் மதில் அன்று என்பது இங்கு உறுதிப்படுகிறது.

கந்திற்பாவை அவளை அணுகாதே எனத் தடுக்கிறது. அதன் ஆறுதல் மொழி, அவன் உனக்கு யாரும் அல்லன் என்பதாக அமையவில்லை. அவன் உனக்குக் கணவனானதும் நீ அவனுக்கு மனைவியானதும் ஒரு பிறப்பில் மட்டும் அன்று, பல பிறப்புகளில் நிகழ்ந்தது; அப்பிறவிச் சுழலை நீங்க முயலும் நீ துயர் கொள்ளாதே என்பதே அதன் கருத்து. உறவு மறுக்கப்படவில்லை; பெருக்கப்படுகிறது. ஒருமுறை நிகழ்ந்து ஒருமுறையே இழந்தது எனத் தோன்றும் உறவு, எண்ணிறந்த முறை பெற்றும் இழந்தும் வந்த உறவாகக் காட்டப்படும்போது, அவ்விழப்பின் தனிமை குறைகிறது.

அடக்கிய துயரும் அவிந்த துயரும்

மகனை இழந்த இராசமாதேவியின் பகுதி, இருவகை ஆறுதல்களை எதிரெதிரே நிறுத்துகிறது. வாசந்தவை என்னும் முதியவள் முதலில் வருகிறாள். அரசர் குலத்தார் போரில் மடிதலே சிறப்பு; மன்னன் முன் துயரைக் காட்டாதே என்பது அவள் கூற்றின் சாரம். அரசி அவ்வாறே துயரை அடக்குகிறாள். அடங்கிய துயரம் அழியவில்லை, வஞ்சமாக உருமாறுகிறது. மணிமேகலையைச் சிறையிலிருந்து விடுவிப்பது போலக் கொண்டுவந்து, பித்தேற்ற முயல்கிறாள். இளைஞன் ஒருவனை ஏவி இழிவுசெய்ய முயல்கிறாள். நோயுற்றாள் எனக் கூறிப் புழுக்கறையில் அடைத்து உணவை மறுக்கிறாள். துயரத்தை வெளியிட வழியற்ற மனம் கொடுமையில் இறங்குவதை இக்காதை படிப்படியாகக் காட்டுகிறது.

அனைத்தும் தோற்று அரசி நடுங்கும்போது மணிமேகலை பேசுகிறாள். நீ அழுதது உடலுக்கா, உயிருக்கா எனக் கேட்கிறாள். உடலுக்காயின் அதனைச் சுடுகாட்டில் இட்டவர் யார்? உயிருக்காயின் அது வினைவழிச் சென்று புகும் இடம் அறிதற்கரியது. அவ்வுயிரிடத்து அன்பு உண்டாயின் எல்லா உயிரிடத்தும் இரக்கம் வேண்டும். இவ்வாதத்தின் முதற்பகுதி கடுமையானது என்பதை மறுப்பதற்கில்லை. மகனை இழந்த தாயிடம் வினவத்தக்க வினாவா இது என்னும் கேள்வி எழுவது இயல்பே. ஆனால் வாதம் அங்கு நின்றுவிடவில்லை. அதன் முடிவு அன்பின் மறுப்பில் இல்லை. அன்பின் விரிவில் உள்ளது. எவ்வுயிர் எங்குப் புகுந்தது என அறிய இயலாமையே எவ்வுயிரையும் நேசிப்பதற்குக் காரணமாகிறது. மனத்தை விறகாக்கி எரிந்த துயர்த் தீயை அறிவாகிய நீர் அவித்தது எனக் கவிஞர் உருவகம் செய்கிறார். வாசந்தவையின் ஆறுதல் அத்தீயை மூடிவைத்தது. மணிமேகலையின் ஆறுதல் அவித்தது. அதன் பின் தன்னை வணங்க வந்த அரசியைத் தடுத்து, என் கணவனைப் பெற்றவள் நீ என்று கூறி மணிமேகலை அவளை வணங்குகிறாள். அவன்பால் கொண்ட உறவு இறுதிவரை மதிக்கப்படுகிறது என்பதற்கு இவ்வணக்கம் சான்றாகும்.

பாலி மரபோடு ஒப்பு

இவ்வினாமுறை பாலி மரபுக்கு அயலானதன்று. 73 தேரியரின் பாடல்களாகத் தொகுக்கப்பட்ட தேரிகாதையில் உப்பிரி என்பவளின் பாடல் உண்டு. ஜீவா என்னும் மகளை இழந்து காட்டில் அழுதவளிடம், இச்சுடுகாட்டில் எரிந்த அப்பெயருடைய மகளிர் 84,000 பேர். அவருள் எவளுக்காக அழுகிறாய் என்னும் வினா எழுப்பப்படுகிறது. தன் நெஞ்சில் தைத்த அம்பு அதனால் பறிக்கப்பட்டதாக அவள் கூறுகிறாள். இராசமாதேவியிடம் கேட்கப்பட்ட வினாவும், பல பிறப்பு உறவைச் சுட்டிய கந்திற்பாவையின் மொழியும் இதே முறையைச் சார்ந்தவை. ஒன்றைப் பலவாக்குவதன் வாயிலாகத் துயரின் இறுக்கம் தளர்த்தப்படுகிறது.

கிசா கோதமியின் கதை மேலும் நெருங்கியது. இறந்த குழந்தையை ஏந்தி மருந்து தேடியவளைச் சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு பெற்றுவருமாறு புத்தர் அனுப்பிய செய்தியைப் பாலி உரைகள் விரிக்கின்றன. மணிமேகலையின் ஆறாம் காதையில் வரும் தாயின் பெயரும் கோதமியே. பேயைக் கண்டு அஞ்சி இறந்த சார்ங்கலனின் உடலைச் சம்பாபதியின் முன் கிடத்தித் தன் உயிரைக் கொண்டு அவன் உயிரைத் தருமாறு அவள் வேண்டுகிறாள். தெய்வங்கள் அனைத்தும் வந்து அது இயலாது எனச் சான்று கூறுகின்றன. பாலிக் கதையில் சான்று கூறியவர்கள் இறப்பை அறிந்த வீட்டார்; தமிழ்க் காப்பியத்தில் தேவர்கள். முடிவும் வேறானது. கிசா கோதமி துறவு பூண்டு தேரியாகிறாள். தமிழ்க் கோதமி துயர் நீங்கி மகனைச் சுடலையில் இட்டுத் தானும் இறக்கிறாள். தெளிவு பெற்றும் அவளுக்கு எஞ்சிய வாழ்வு இல்லை. மணிமேகலை மணிபல்லவத்துக்குச் செல்வதற்குச் சற்று முன்னர் இக்கதையை வைத்திருப்பது கருதத்தக்கது. நிலையாமை உணர்வு மட்டும் போதாது. அதன் பின் செய்வதற்கு ஒன்று வேண்டும் என்னும் தேவையை அது எழுப்புகிறது. அத்தேவைக்கு விடையாக வருவதே அமுதசுரபி. அதில் முதற் பிச்சை இடுபவள் ஆதிரை. கணிகையை நாடிச் சென்ற கணவன் கடலில் இறந்தான் எனக் கேட்டுத் தீப்புகுந்து, தீயும் சுடாது மீண்டவள் அவள். நெஞ்சம் உடைந்து மீண்ட கையிலிருந்தே அப்பாத்திரம் முதல் உணவைப் பெறுகிறது.

தமிழில் இதே நோக்கைக் குண்டலகேசியின் எஞ்சிய பாடல்களுள் ஒன்றும் வெளிப்படுத்துகிறது. கருவும் குழவியும் இளமையும் ஒவ்வொன்றாக இறந்தே மூப்பு வருகிறது; நாள்தோறும் இறக்கும் நமக்காக நாம் அழாதது ஏன் என்பது அப்பாடலின் வினா. காதலித்து மணந்தவனே தன்னைக் கொல்லத் துணிந்ததைக் கண்டவளின் காப்பியத்தில் இவ்வினா இடம்பெற்றிருப்பது தற்செயலாகாது. இழந்தவர் மட்டும் மாறவில்லை. இழப்பை நினைத்து வருந்துபவரும் கணந்தோறும் மாறுகிறார். ஆதலின் துயரமும் நிலையானதன்று. நிலையாமையைத் துயரத்தின் மீதே செலுத்தும் இந்நுட்பம் தமிழ்ப் பௌத்தக் காப்பியங்களின் தனிக் கொடை எனக் கருதலாம்.

முடிவுரை

இறுதிக் காதையில் அறவண அடிகள் பன்னிரு சார்புகளை விளக்கியபின், குற்றங்களை நீக்கும் பாவனைகளைக் கூறுகிறார். ஆசையை அறுக்க அநித்தம், துக்கம், அனான்மா, அசுசி என்பவற்றைச் சிந்திக்கவும், சினத்தை அறுக்க மைத்திரி, கருணை, முதிதை என்பவற்றை வளர்க்கவும் பணிக்கிறார். இவ்விரண்டும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதைக் காப்பிய நிகழ்ச்சிகளோடு பொருத்திக் காண்பது வேண்டும். காதலின் இழப்பு இருவழியில் மனத்தைக் கெடுக்கும்: பற்றாக எஞ்சும், அல்லது சினமாக மாறும். முதலாவதற்கு மணிமேகலையின் அழுகையும், இரண்டாவதற்கு இராசமாதேவியின் வஞ்சமும் எடுத்துக்காட்டு. நிலையாமை உணர்வு பற்றைத் தளர்த்தும். ஆனால் அன்பின் விரிவு இன்றேல் அவ்வுணர்வு வெறுப்பாகவோ வெறுமையாகவோ முடியும். இரண்டும் இணைந்தே மருந்தாகின்றன.

இந்நோக்கில் ஒரு குறையும் உண்டு. உதயகுமரனின் காதல் கற்றுத் தெளியும் வாய்ப்பின்றி வெட்டுண்டு முடிகிறது. பிறர் தெளிவு பெற அவன் இறப்பு காரணமாகிறது. அவனுக்குத் தெளிவு கிட்டவில்லை. வினைக் கோட்பாடு அதற்கு விளக்கம் தருகிறது. வாசகர் மனத்தில் எஞ்சும் இரக்கத்தை அவ்விளக்கம் முற்றும் தணிப்பதில்லை. அவ்விரக்கத்தை மணிமேகலையின் கண்ணீர் வாயிலாகக் கவிஞரே பதிவு செய்துள்ளார்.

எனவே, மணிமேகலை காதலை மறுத்த காப்பியம் என்பதைவிட, காதலை இழந்தவர்களின் காப்பியம் என்பதே பொருந்தும். மாதவி, மணிமேகலை, இராசமாதேவி ஆகிய மூவரும் அழுதவர்கள். அவர்கள் அழுகையைச் செவிமடுத்த பின்னரே நிலையாமை அவர்களிடம் பேசப்பட்டது. அதனால் அது அவர்கள் நெஞ்சில் இறங்கியது. அறவுரையாக மட்டும் பயிலப்பட்டுவரும் பகுதிகள், அவ்வுரையைக் கேட்டவரின் நிலையோடு சேர்த்துப் பயிலப்படுமாயின், இக்காப்பியத்தில் குன்றியது எனக் கருதப்பட்ட கவிச்சுவை மறைந்திருந்த இடம் விளங்கும்.